முப்பதுக்குக் கீழே

அந்த மருத்துவமனையில் எல்லோருடைய பெயருக்குப் பின்னாலும் ஓர் எண் இருந்தது. டாக்டர்களுக்கு அறைக் கதவில், பட்டத்துக்கு அடுத்து. நர்சுகளுக்குச் சட்டையில் குத்திய அட்டையில். வாசல் பெருக்கும் அம்மாவின் அட்டையிலும் பதினேழு புள்ளி நான்கு என்று சிவப்பில் எழுதியிருந்தது.

தேவானந்தம் முதலில் அதை வயது என்று நினைத்தார். நரைத்த தலையோடு ஒரு டாக்டர் இருபத்திரண்டு புள்ளி எட்டு என்ற அட்டையைக் குத்திக்கொண்டு கடந்து போனார். வயது இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அவர் ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்க வந்திருந்தார். மனைவி ஜெயக்கொடிக்கு இரண்டும் செயலிழந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இதயமும் வீங்க ஆரம்பித்திருக்கிறது, இப்படியே ரொம்ப நாள் ஓட்ட முடியாது என்று சிறுநீரக டாக்டர் சொல்லியிருந்தார். ஒரே மகள் அந்தியூரில் கைக்குழந்தையோடு இருந்தாள். ஜெயக்கொடியின் அண்ணனுக்கு ரத்தம் சேரவில்லை. தேவானந்தத்துக்குச் சேர்ந்தது.

"நம்ம கல்யாணத்துக்குப் பொருத்தமே பாக்கல. இருபத்திமூணு வருசம் கழிச்சுப் பொருந்தீருக்குது பாருங்க," என்றாள் ஜெயக்கொடி.

பதினொரு நாளில் பதினேழு பரிசோதனை. நெஞ்சு சரி. கல்லீரல் சரி. சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தம் கல்லூரிப் பையனுடையதுபோல் இருக்கிறது என்று ஒரு நர்ஸ் சொன்னார். கடைசியாக ஒரு சின்ன அறைக்கு அனுப்பினார்கள். சுவரில் உயரம் பார்க்கும் கம்பு. கீழே எடை மேடை. மேசைக்குப் பின்னால் பதிவேட்டோடு சாஜிதா பேகம். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு தேவானந்தம் உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளர் பூஜிதாவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

பூஜிதா சீட்டைப் பார்த்தாள். முகம் மாறியது.

"சார், உங்க பி.எம்.ஐ. முப்பது புள்ளி ஒம்போது."

"அப்படீன்னா என்னங்க?"

"எடையை உயரத்தால ரெண்டு தடவை வகுக்கணும். எடை எண்பத்திரண்டு கிலோ. உயரம் ஒரு மீட்டர் அறுபத்திமூணு. வர்ற நம்பர் பதினெட்டரைக்குக் கீழ இருந்தா ஒல்லி. இருபத்தஞ்சு வரைக்கும் சரி. முப்பது வந்துட்டா உடல் பருமன். பருமனானவங்ககிட்ட உறுப்பு எடுக்கறதில்லைன்னு எங்க கையேட்டுல இருக்கு."

தேவானந்தம் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். அவர் இருபத்தாறு வருடமாக லோடுமேன். கிரைண்டர், மோட்டார் பம்பு, லேத் பட்டறை இரும்பு. கழுத்து தோளுக்குள் பாதி போயிருந்தது. தொடை இரண்டும் வேட்டியை முட்டின. இடுப்பு முப்பத்திரண்டு.

"எங்கீங்க பருமன்?"

"எங்கேன்னு நம்பர் சொல்லாது சார். இருக்குன்னு மட்டும் சொல்லும்."

வெளியே ஜெயக்கொடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே வீக்கம். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அவளுக்கும் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். இருபது புள்ளி ஒன்று. பச்சை எழுத்து. கீழே சின்னதாக, 'வாழ்த்துகள், ஆரோக்கியமான அளவில் இருக்கிறீர்கள்.'

தேவானந்தத்தின் அட்டை சிவப்பு.

"அப்ப நாந்தான் நல்லா இருக்கறன். நீங்கதான் சீக்காளி," என்றாள் அவள். சிரித்தால் மூச்சு வாங்கும். ஆனாலும் சிரித்தாள்.

முறையீடு செய்யலாம் என்றார்கள். தானமளிப்போர் தகுதிக் குழு மாதத்தில் இரண்டாவது வியாழன் கூடும். குழு அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் டாக்டர் சென்னகேசவன், இருபத்திரண்டு புள்ளி எட்டு. கை கால்கள் மெலிந்தவர். வயிறு மட்டும் மேசை விளிம்பில் தனியாக ஏறி உட்கார்ந்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவருடைய இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அவை அவருடைய எண்ணைப் பாதிக்கவில்லை.

"சொல்லுங்க தேவானந்தம்."

"நானு லோடுமேனுங்க. இது கொழுப்பு இல்லீங்க, சாமி. பொறந்ததுலருந்து சுமந்தது."

குழுவில் வயதில் சிறிய டாக்டர் அம்மா எழுந்து வந்து அவருடைய மேற்கையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். விரலுக்குத் தோல் மட்டும்தான் அகப்பட்டது.

"சார், இது தசை மாதிரி இருக்கு."

"தொடாதீங்க டாக்டர்," என்றார் சென்னகேசவன். "தொட்டா அபிப்பிராயம் வந்துடும்."

டாக்டர் அம்மா போய் உட்கார்ந்தார்.

"இங்க பாருங்க. ஆளைப் பார்த்து முடிவு பண்ணா பாரபட்சம் வரும். இவர் பலசாலி, இவர் பாவம், இவர் சம்சாரம் அழுவுது, இப்படியெல்லாம் தோணும். நம்பரைப் பார்த்தா ஒண்ணும் தோணாது. அதுக்காகத்தான் நாங்க நம்பரைப் பார்க்கறோம்."

"கொழுப்பு எத்தன, கறி எத்தனன்னு அந்த நம்பருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது. அதுதான் அதோட பெருமை. கொழுப்பு, தசை, எலும்பு, தண்ணி எல்லாத்தையும் சமமா நடத்தும். இந்தக் கணக்கைப் போட்டவர் பெல்ஜியம்காரர். டாக்டர்கூட இல்லை. வானத்துல நட்சத்திரம் பார்த்துட்டு இருந்தவர். கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆச்சு."

"அவரு ஆளுக்காளு பாக்கறதுக்கா போட்டாருங்க?"

"இல்லை. ஜனங்களோட சராசரி தெரிஞ்சுக்கப் போட்டார். ஏன், நீங்க ஜனம் இல்லையா?"

"ஜனந்தானுங்க."

"அவ்வளவுதான்."

இடுப்பைச் சுற்றி அளந்து பார்க்கலாமே என்று டாக்டர் அம்மா மெதுவாகச் சொன்னார். கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டும் ஸ்கேன் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது என்றும் சொன்னார். சென்னகேசவன் படிவத்தை எடுத்துக் காட்டினார். அதில் தசைக்குக் கட்டம் இல்லை. இடுப்புக்கும் இல்லை. படிவத்தின் அடுத்த பதிப்பு இரண்டாயிரத்து முப்பதில் வரும், அப்போது பரிசீலிக்கலாம் என்றார்.

"அதுக்குள்ள அவ..."

"முப்பதுக்குக் கீழ வாங்க, தேவானந்தம். ரெண்டரைக் கிலோதானே. ரெண்டரைக் கிலோ குறைச்சு உங்க மனைவியைக் காப்பாத்த மாட்டீங்களா?"

தேவானந்தத்துக்கு வெட்கமாகிவிட்டது. "கொறச்சுப்போடறனுங்க," என்று கும்பிட்டார்.

உணவுப் பட்டியலையும் பூஜிதாவே கொடுத்தாள். காலையில் ஓட்ஸ். பதினோரு மணிக்கு நான்கு பாதாம். மத்தியானம் ஒரு கப் சோறு, கப் என்பது இவ்வளவுதான் என்று கையைக் குவித்துக் காட்டினாள். தேவானந்தம் அவ்வளவைக் காக்காய்க்கு வைப்பார். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிறிஸ்தவர்கள் நாற்பது நாள் நோன்பிருக்கும் லெந்து காலம் வேறு வந்தது. சர்ச்சில் போதகர் ஜெபக் குறிப்பு வாசித்தார். "சகோதரர் தேவானந்தத்தின் சரீரத்திலிருந்து இரண்டரைக் கிலோ நீங்கும்படி ஊக்கமாய் ஜெபிப்போம்." சபையார் கண்ணை மூடி ஆமென் என்றார்கள். சிலர் ஒரு கண்ணைத் திறந்து, எங்கிருந்து நீங்கும் என்று பார்த்தார்கள்.

லாரி செட்டில் கூட வேலை செய்யும் ராசப்பனுக்கு இது விளங்கவே இல்லை.

"ஏன் மாப்ள, ஒன்றகிட்ட இருக்கற கிட்னி தொண்ணூறு கிலோ மூட்டையத் தூக்கற கிட்னி. அது வேண்டாம்ங்கறானா?"

"கிட்னி வேணுமாம். என்னையத்தான் வேண்டாமாம்."

"அப்பக் கிட்னிய எடுத்துத் தனியா எடை போடச் சொல்லு."

ஒரு மாதத்தில் ஒரு கிலோ குறைந்தது. வேலை முடிந்து பொழுதோடு ஆறு மணிக்குத் தேவானந்தம் நேராக மருத்துவமனைக்குப் போனார். அன்று இரண்டு லோடு கிரைண்டர் இறக்கியிருந்தார். மேடையில் ஏறினார். எண்பத்தொன்று. கம்பின் கீழே நின்றார். பூஜிதா கணக்குப் போட்டாள். மறுபடி போட்டாள்.

"முப்பத்தொண்ணு புள்ளி ஒண்ணு."

"கொறஞ்சுதானுங்க இருக்குது?"

"எடை குறைஞ்சிருக்கு. பி.எம்.ஐ. கூடியிருக்கு." அவள் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "சார், நீங்க ஒன்றரை சென்டிமீட்டர் குள்ளமாயிட்டீங்க."

குழுவிடமிருந்து கடிதம் வந்தது. தானமளிப்பவர் ஒத்துழைக்கவில்லை என்று அதில் இருந்தது. சிகிச்சைக் காலத்தில் உயரத்தைக் குறைத்துக்கொள்வது விரும்பத்தக்கதல்ல என்றும் இருந்தது. இனி ஒரு முறை நிகழ்ந்தால் கோப்பு முடிக்கப்படும்.

ஜெயக்கொடி அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"ஏனுங்க, எனக்குச் சொல்லாம எதுக்குக் குள்ளமானீங்க?"

"நானென்ன அம்மணி பண்ணுவேன்."

விஷயத்தைச் சொன்னது சாஜிதா பேகம்தான். பதினெட்டு வருடமாக அந்தக் கம்பின் அருகிலேயே உட்கார்ந்திருப்பவர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"அண்ணே, காலையில எந்திரிக்கறப்ப எல்லாருமே கொஞ்சம் ஒசரம். பொழுது போகப் போக முதுகெலும்பு அமுங்கிக் கொறையும். தலையிலயும் தோள்லயும் பாரம் ஏத்தறவங்களுக்கு இன்னும் கொறையும். காத்தால வாங்க. சுமை தூக்காம வாங்க. முடிஞ்சா படுத்துட்டே வாங்க."

ராசப்பன் தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்தான். பின்னால் கோரைப்பாய் விரித்துத் தேவானந்தத்தை மல்லாக்கப் படுக்க வைத்தான். அன்று ஜெயக்கொடிக்கும் டயாலிசிஸ். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மருத்துவமனை வாசலில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்து, நோயாளிக்கு என்ன என்று கேட்டார்கள்.

"ஒன்னுமில்லீங்க. ஒசரம் கொறையாம கொண்டாந்தோம்," என்றான் ராசப்பன்.

ஸ்ட்ரெச்சரில் தேவானந்தம் போனார். பக்கத்தில் ஜெயக்கொடி சுவரைப் பிடித்து நின்று நின்று நடந்தாள். லிஃப்டில் ஒரு பெரியம்மா அவளிடம், "வீட்டுக்காரருக்கா கண்ணு? தைரியமா இரு," என்றார்.

ஒரு மீட்டர் அறுபத்திமூன்று புள்ளி இரண்டு. எடை எண்பது. சாஜிதா பேகம் தன் கையாலேயே கணக்குப் போட்டார். முப்பது புள்ளி பூஜ்யம்.

"முப்பதுதானுங்க?"

"முப்பதுக்குக் கீழன்னு இருக்கு சார்," என்றாள் பூஜிதா. "இது முப்பது. கீழ இல்லை."

தேவானந்தம் சட்டையைக் கழற்றினார். மேடையில் முள் நகரவில்லை. அரைஞாண் கயிற்றை அறுக்கட்டுமா என்று கேட்டார். பூஜிதாவுக்குக் கண் கலங்கியது. அவள் கெட்டவள் இல்லை. கையேட்டை எடுத்து ரொம்ப நேரம் புரட்டினாள். பிறகு ஒரு வழி சொன்னாள்.

"நீங்க பாரம் தூக்கறதை நிறுத்திடுங்க சார். தூக்கத் தூக்கத் தசை குறையவே குறையாது. தசைக்கும் எடை இருக்கு. சும்மா உட்கார்ந்தாலே தசை கரைஞ்சிடும். சீக்கிரம் நம்பர் இறங்கும்."

"கொழுப்பு?"

"அது இருந்தாலும் பரவாயில்லை. தசையைவிட லேசு."

தேவானந்தம் லாரி செட்டில் சொல்லிக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. பிளாஸ்டிக் நாற்காலி. பகல் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டி வந்தால் எழுந்து கேட்டைத் திறக்க வேண்டும். முதல் வாரம் கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கிடந்தது. அடுத்த வாரத்திலிருந்து பசிக்கவில்லை. ஓட்ஸும் நான்கு பாதாமும் போதுமாக இருந்தது.

எடை இறங்கியது. எழுபத்தொன்பதரை. எழுபத்தொன்பது. தோள் இறங்கியது. தொடையில் துணி தொளதொளத்தது. புதிதாக ஒரு சின்னத் தொப்பை வந்தது. ஜெயக்கொடி அதை விரலால் குத்திப் பார்த்தாள்.

"இதென்ன, கூப்புடாம வந்த புது ஒறம்பரை?"

"உக்காந்து உக்காந்து வந்திருக்குது."

"நம்பர் என்ன சொல்லுது?"

"கொறையுது."

"அப்ப இருந்துட்டுப் போவட்டும்."

அவர்கள் இருந்தது வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில், மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. அறுபத்து நான்கு படி. ஜெயக்கொடியால் படி ஏற முடியாமல் போன நாளிலிருந்து தேவானந்தம்தான் அவளைத் தூக்கிப் போவார், தூக்கி வருவார். வாரத்தில் மூன்று நாள். இடது கையில் அவள், வலது கையில் பை. நடுவில் நின்று பக்கத்து வீட்டுக்காரர்களோடு ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று பேசுவார். அவள் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "எறக்கி உட்டுட்டுப் பேசுங்க, எல்லாரும் பாக்கறாங்க," என்பாள். அவர் இறக்கமாட்டார்.

மே மாதம் முதல் முறையாக இரண்டாம் மாடித் திருப்பத்தில் இறக்கி வைத்தார்.

"லோடு எறக்கியாச்சுங்களா?" என்றாள்.

"சித்த இரு அம்மணி. மூச்சு வாங்குது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. அதிலிருந்து ராசப்பன் வேலைக்கு முன்னும் பின்னும் வந்து கை கொடுத்தான். நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேராகத் தூக்கினார்கள்.

ஜூன் இரண்டாவது வியாழன் தேவானந்தத்தின் எடை எழுபத்தெட்டு. இருபத்தொன்பது புள்ளி நான்கு. ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. ரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. ஒதுக்கும் அளவுக்கு இல்லை. தவிர, அது வேறு துறை. குழு அறையில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். ஐந்து பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சென்னகேசவன் பேசினார்.

"நாலஞ்சு மாசத்துக்கு முன்னால இவர் இந்த அறைக்கு வந்தப்ப இவர் ஒரு நோயாளி. இவருக்கே அது தெரியாது. நான் பலசாலின்னு வாதாடினார். இன்னைக்குப் பாருங்க. எந்த வாதமும் இல்லாம அமைதியா நிக்கறார். ஒரு மனிதனை இப்படி மாத்த முடியும்னா அது நம்பரால மட்டும்தான் முடியும். இவர் கொடுக்கப்போறது ஒரு சிறுநீரகம். நாம இவருக்குக் கொடுத்தது ஆரோக்கியம். யார் பெரிய தானம் கொடுத்ததுன்னு நீங்களே சொல்லுங்க."

புது அட்டை கொடுத்தார்கள். எழுத்து மஞ்சளாகியிருந்தது. தேவானந்தம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுவைக்குத் தேதி ஜூலை மூன்று என்று மட்டும் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னார். ஜெயக்கொடி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளுக்குப் படுத்தால் மூச்சு முட்டியது.

"இன்னும் மூணு வாரம்," என்றார்.

"மூணு வாரந்தான?" என்றாள். "இருந்துப்போடறேன்."

ஜூன் இருபத்து நான்கு, செவ்வாய்க்கிழமை. மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவளுக்கு மூச்சு திணறியது. உதடு நீலமாயிற்று. அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த தேவானந்தம் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். பதினைந்து நிமிடத்தில் சைரன் கேட்டது. வேறு ஒரு பிளாக்கின் கீழே நின்றுகொண்டு வழி கேட்டார்கள். ராசப்பன் அவிநாசிக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். பக்கத்து வீடுகளில் ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

அவர் அவளைத் தூக்கினார்.

வாசற்படி தாண்டினார். பன்னிரண்டு படி இறங்கினார். சுவரில் சாய்ந்து முழங்காலை முட்டுக் கொடுத்து நின்றார். பிறகு இன்னும் ஒன்பது படி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் இறக்கி உட்கார வைத்தார். அவள் தலை அவர் நெஞ்சில் இருந்தது. அவள் நெஞ்சுக்குள்ளே தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம் கேட்டது.

"ஏனுங்க."

"பேசாத."

"கையி வலிக்குதுங்களா?"

"இல்ல."

மறுபடி தூக்கினார். பதினோரு படி. முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. முன்பு இப்படிப் பிடித்தால் சுமையைத் தோள் மாற்றுவார். இப்போது மாற்றத் தோள் இல்லை. உட்கார்ந்தார். அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகச் சரிந்து இறங்கினார். முதல் மாடியில் ஒரு பெண் கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கீழே ஓடினாள். ஆம்புலன்ஸ் ஆட்கள் மேலே வந்து சேர்ந்தபோது அவர் கீழிருந்து பதினெட்டாவது படியில் இருந்தார். அவள் நெஞ்சில் கேட்ட அந்தச் சத்தம் நின்றிருந்தது. சத்தம் நின்றதால் சரியாகிவிட்டது என்று அவர் நினைத்தார். அவர்களிடம், "இப்பத்தான் சமாதானமானா," என்றார்.

மருத்துவமனையில் ஒரு டாக்டர் பையன் பார்த்தான். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்துப் பூஜிதா போன் செய்தாள். கோப்பை முடிக்க வேண்டும், தானமளிப்பவர் நேரில் வர வேண்டியிருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்றாள்.

தேவானந்தம் போனார். கோப்பு முடிப்புப் படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில் மூன்று வரி அச்சிட்டிருந்தார்கள். தானமளிப்பவர் தகுதியிழந்தார். தானமளிப்பவர் மனம் மாறினார். பிற. பூஜிதா 'பிற' என்பதில் குறியிட்டாள். அதன் கீழே இறுதி எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது.

வழியில் சென்னகேசவன் பார்த்தார். நின்றார். தோளில் கை வைத்தார்.

"ரொம்ப வருத்தம், தேவானந்தம். அவங்க நம்பர் கடைசி வரைக்கும் பச்சையிலதான் இருந்தது. எதிர்பார்க்கவே இல்லை. நீங்க உங்க நம்பரை விட்டுடாதீங்க. அவங்களுக்காகவாவது."

"சரிங்க," என்றார் தேவானந்தம்.

சின்ன அறைக்குப் போனார். சாஜிதா பேகம் எழுந்து நின்றார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். எழுபத்தாறு புள்ளி இரண்டு. பூஜிதா கணக்குப் போட்டு இருபத்தெட்டு புள்ளி ஏழு என்று எழுதிக்கொண்டு போனாள். அவர் மேடையை விட்டு இறங்கவில்லை.

"ஏனுங்க அம்மணி," என்றார் சாஜிதா பேகத்திடம். "டயாலிசிஸ் முடிஞ்சா அவளையும் எடை போடுவாங்கல்ல?"

"ஆமாண்ணே. ஒவ்வொரு வாட்டியும்."

"கடைசியா எத்தனைங்க இருந்தா?"

சாஜிதா பேகம் கம்ப்யூட்டரில் தேடினார்.

"நாப்பத்தொண்ணு."

"கிலோவுங்களா?"

"ஆமாண்ணே."

தேவானந்தம் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணுதானுங்களா," என்றார். "நானு, அன்னைக்குப் படியில, அவளுக்குத் தண்ணி கோத்துக் கனம் எச்சாயிப்போச்சுன்னு நெனச்சனுங்க."